ஐம்பதைத் தாண்டியும் ஷிப்டில் ஓடுபவர்களுக்கு: மனம் சீராக ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மாலையில் தொடங்கி நள்ளிரவில் முடியும் அரை நைட், காலைவரை நீளும் முழு நைட் என்று மாறி மாறிப் போகிறவர்கள், பேருந்துப் பணிமனையில் டபுள் டூட்டி பார்க்கும் ஓட்டுநர்கள், வார்டில் இரவுப் பணி செய்யும் செவிலியர்கள், ஓய்வு பெற்ற கையோடு அடுக்குமாடி வாசலில் 12 மணி நேரம் காவலுக்கு உட்காரும் செக்யூரிட்டிகள் என, ஐம்பதைத் தாண்டியும் கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வயதில், குறிப்பாக ஆண்களுக்கு, மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக வரும். ரசத்தில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிடுவதாக வரும். பண்டிகைக்கு மகன் குடும்பத்தோடு வந்திருக்கும்போதும் திண்ணையில் தனியாகப் போய் உட்காருவதாக வரும். வீட்டில் ‘வயதாகிவிட்டது, கோபம் கூடிவிட்டது’ என்று முடித்துவிடுவார்கள். வேலையிடத்தில் ‘பெரியவர் முன்போல் இல்லை’ என்பார்கள். சம்பந்தப்பட்டவரோ, ‘எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி’ என்பார்.

இதற்கு மருந்தாக ‘நல்லதையே நினையுங்கள்’ வகைப் பேச்சுகளைக் கேட்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஷிப்ட் பார்ப்பவரின் மனநிலை பெரும்பாலும் அவருடைய நாளின் நேரக் கணக்கில்தான் தீர்மானமாகிறது. தூக்கத்தை ஒழுங்குசெய்யாமல் மனத்தைத் தேற்ற முயல்வது வீண் வேலை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: முதலில் அளந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் வழங்கும் ஐந்து கேள்விப் பட்டியல் ஒன்று 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை மனத்தில் வைத்து இந்த ஐந்துக்கும் பதில் எழுதுங்கள்: மகிழ்ச்சியாகவும் உற்சாகமாகவும் இருந்தேன், அமைதியாக, இறுக்கமில்லாமல் இருந்தேன், சுறுசுறுப்பாக இருந்தேன், தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருந்தது, என் அன்றாட வாழ்க்கையில் எனக்குப் பிடித்த விஷயங்கள் நிறைந்திருந்தன. எப்போதும் என்றால் 5, பெரும்பாலான நேரம் என்றால் 4, பாதிக்கு மேல் என்றால் 3, பாதிக்குக் கீழ் என்றால் 2, எப்போதாவது என்றால் 1, ஒருபோதும் இல்லை என்றால் 0. ஐந்தையும் கூட்டினால் அதிகபட்சம் 25 வரும்.

13-க்குக் கீழே வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் இருக்கிறது என்ற தீர்ப்பு அது இல்லை. கவனிக்கச் சொல்லும் அறிகுறி, அவ்வளவுதான். அதற்கு மேலே வந்தவர்களும் எண்ணைக் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடியும் எழுதிப் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு தூக்கக் குறிப்பு. இதற்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, அன்று என்ன ஷிப்ட், எத்தனை டீ, மது உண்டா இல்லையா என்று எழுதி, தாள்களை ஒரு கிளிப்பில் போட்டு வையுங்கள். இரண்டு வாரம் சேர்ந்ததும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தால், எந்த நாளுக்குப் பிறகு எரிச்சல் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும். சிலருக்கு அது முழு நைட் வாரத்தின் நடுவில் வந்து நிற்கலாம்.

படி 2: தூக்கம்

இருபத்தைந்து வயதில் முழு நைட் முடித்து வந்து பகல் இரண்டு மணி வரை அசையாமல் தூங்கியவர், ஐம்பத்திரண்டில் பதினொன்றரைக்கே விழித்துக்கொள்கிறார். இது மனத்தின் பலவீனம் இல்லை. வயது ஏற ஏற உடலின் உள்கடிகாரம் முன்னே நகர்கிறது. மாலையில் சீக்கிரம் கண் சொருகும், விடியலுக்கு முன்பே விழிப்பு வரும். ஆழ்ந்த தூக்கத்தின் அளவும் குறைகிறது. தேவை மட்டும் குறைவதில்லை. ஏழு, எட்டு மணி நேரம் வேண்டும். பகலில் ஒரே மூச்சில் அது கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு திட்டம் போட வேண்டும்.

தூக்கத்தை இரண்டு தவணையாகப் பிரியுங்கள். வீடு வந்த ஒரு மணி நேரத்துக்குள் படுத்து நான்கைந்து மணி நேரம்; பிறகு மாலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன், ஒன்றரை மணி நேரம். முதல் தவணையின் நேரத்தை வாரம் முழுக்க மாற்றாதீர்கள். நைட் வாரத்தில் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை என்றால், திங்களும் அதுவே, வெள்ளியும் அதுவே. உடல் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான கம்பம் வேண்டும்.

அறை இருட்டாக வேண்டும். திரைச்சீலை போதாது, ஜன்னலில் கறுப்புத் துணியோ பழைய கம்பளியோ அடியுங்கள். மின்விசிறிச் சத்தம் தெருச் சத்தத்தை அமுக்கும், ஓடட்டும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். காலிங் பெல்லுக்கு ஒரு வழி செய்யுங்கள். சிலிண்டர்காரர், கூரியர், சீட்டுப் பணம் வாங்க வருகிறவர் எல்லாரும் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் வருவார்கள். ‘நைட் டூட்டி, அழுத்த வேண்டாம், பக்கத்து வீட்டில் கொடுக்கவும்’ என்று ஓர் அட்டை தொங்கவிட்டால் யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காலை வெயில் கண்ணில் பட்டால் தூக்கம் கலைந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இரு சக்கர வண்டி ஓட்டி வருகிறவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன்; அவர்களுக்குச் சாலையில் கண் அசந்துபோகாமல் இருப்பதே முக்கியம். கிளம்பும்போதே கண் எரிந்தால் சைக்கிள் ஸ்டாண்டிலேயே இருபது நிமிடம் உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

வார விடுமுறை நாளில் ‘இன்று ஒரு நாள் பகலில் விழித்திருந்து வீட்டு வேலையெல்லாம் பார்த்துவிடுகிறேன்’ என்பார்கள். தூங்காமலே இருந்துவிட வேண்டாம். நைட் முடித்த காலையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, பகலில் வெளிச்சத்தில் நடமாடி, இரவு பத்துக்குள் படுப்பதுதான் சரியான வழி.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நைட் முடித்து வரும் ஆண் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிறார். அதே நைட் முடித்து வரும் பெண் அடுப்பைப் பற்றவைக்கிறார். டிபன், மதியச் சமையல், பாத்திரம் முடித்து அவர் தலை சாய்க்கும்போது மணி பதினொன்றாகிவிடும். நான்கு மணிக்குப் பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிடும். இதோடு மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடல் வெப்பமும் வியர்வையும் சேர்ந்து கிடைக்கும் தூக்கத்தையும் கலைக்கின்றன. இவருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதில் பயனில்லை. நைட் வாரத்தில் காலைச் சமையல் அவருடைய பொறுப்பில் இருக்கக் கூடாது. கணவரோ பிள்ளைகளோ செய்ய வேண்டும், முடியாவிட்டால் மெஸ்ஸிலிருந்து வாங்க வேண்டும். இந்த ஒன்றைப் பேசித் தீர்க்காத வீட்டில் மற்ற எந்தப் படியும் வேலை செய்யாது. உடல் வெப்பம் தாங்க முடியாத அளவில் இருந்தால் மகளிர் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். தூக்கம் வருகிறதென்று சளி, அரிப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். இந்த வயதில் தலைசுற்றி விழுவதற்கும், நினைவு மந்தமாவதற்கும், பழகிப்போவதற்கும் இவை வழி செய்யும்.

படி 3: உடம்பில் காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்

தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் சோர்வும் பிடிப்பின்மையும் வரும். அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ஆகிய ஐந்தையும் பார்த்துவிடுங்கள்.

இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் சர்க்கரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கலாம். நீர் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரையைப் படுக்கும் முன் போடுகிறீர்களா என்றும் பாருங்கள்; நைட் வாரத்தில் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவது மூன்றும் சேர்ந்திருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கக்கூடும். ஓட்டுநர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்கின்றன. உங்கள் நிறுவனத்தில் அது நடக்கிறதா என்று கேளுங்கள்.

படி 4: டீ, மது, சாப்பாடு

டீயில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். விடியற்காலை நான்கு மணிக்கு கேன்டீனில் குடிக்கும் ஸ்ட்ராங் டீ, காலை ஒன்பதுக்கும் உடம்பில் பாதி இருக்கிறது. ஷிப்டின் முதல் பாதியில் எத்தனை வேண்டுமானாலும் குடியுங்கள் என்று சொல்லமாட்டேன், இரண்டு குடியுங்கள். இரண்டரை மணிக்குப் பிறகு வெந்நீர், சுக்குமல்லி.

மது விஷயத்தில் பலரும் சொல்வது, ‘ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது.’ வரும். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து அதே மது தூக்கத்தை உடைக்கும். நெஞ்சு படபடக்க விழிப்பார், மறுபடி தூங்க இன்னொன்று தேவைப்படும். குறட்டையும் மூச்சுத் தடையும் கூடும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சொல்லி, மருந்தின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

நள்ளிரவுச் சாப்பாட்டில் பரோட்டா சால்னா சுவைதான். இரவு இரண்டு மணிக்கு அதைச் செரிக்கும் நிலையில் குடல் இருப்பதில்லை. கிளம்பும் முன் வீட்டில் முழுச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ பழமோ மோரோ, காலையில் இரண்டு இட்லி. இவ்வளவு போதும்.

படி 5: நடை

‘ஆலைக்குள்ளேயே தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறேன், தனியாக எதற்கு?’ நியாயமான கேள்வி. சிமென்ட் தரையில், சூட்டில், இயந்திரத்தின் வேகத்துக்கு நடப்பதும், வேப்பமரத்தடியில் உங்கள் விருப்பத்துக்கு நடப்பதும் உடலுக்கு ஒன்றாகக் கணக்காவதில்லை என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. நின்று வேலை செய்கிறவர்களுக்கு என் யோசனை: நடையைக் குறைத்து, வாரம் இரண்டு நாள் சுவரில் கை வைத்துத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்ற தசைப் பயிற்சி. உட்கார்ந்தே வேலை பார்க்கும் செக்யூரிட்டிக்கு நேர் எதிர். மணிக்கு ஒரு முறை வளாகத்தைச் சுற்றி வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு.

படி 6: காதும் கண்ணும்

மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. நூற்பு, நெசவு இயந்திரச் சத்தத்தில் இருபத்தைந்து ஆண்டு நின்றவருக்கு முதலில் போவது கீச்சுக் குரல்களைப் பிடிக்கும் திறன். குழந்தைகள் பேச்சும் பெண்கள் பேச்சும் தெளிவாகக் கேட்காது. கல்யாண மண்டபத்தில் அவரைக் கவனித்துப் பாருங்கள். சம்பந்தி ஏதோ சொல்கிறார், ‘என்ன?’ என்று ஒரு முறை கேட்கிறார், இரண்டாம் முறை கேட்கிறார், மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுச் சிரித்துத் தலையாட்டிவிடுகிறார். பிறகு பந்தி முடிந்ததும் வெளியே போய்த் தனியாக நிற்கிறார். அடுத்த விசேஷத்துக்கு, ‘நீங்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு டூட்டி’ என்கிறார். வீட்டில் இதற்கு ‘யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறார்’ என்று பெயர்.

இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். தேவைப்பட்டால் கருவி கிடைக்கும். இயந்திரச் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருப்பதால் இழப்பீட்டுக்கும் வழியுண்டு. தொழிற்சங்கத்தில் விவரம் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசாமல், முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும்.

கண் விஷயம் சுருக்கம்: டிக்கெட் கருவியிலும் கைப்பேசி வருகைப் பதிவிலும் தடுமாறுகிறவர் பல நேரம் ‘புதியதைக் கற்க முடியாதவர்’ இல்லை, எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாதவர். ஒரு வாசிப்புக் கண்ணாடி நிறையத் தன்னம்பிக்கையைத் திருப்பித் தரும்.

படி 7: வேலையிடத்தில் கேட்க வேண்டியவை

1980-களில் பின்லாந்தில் நகராட்சி ஊழியர்களைத் தொடர்ந்து பதினொரு ஆண்டு கவனித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் வேலைத்திறன் மேம்பட்டவர்களைப் பார்த்தபோது, மேலதிகாரியின் அணுகுமுறை நல்லதாக மாறியிருந்தது வலுவான காரணமாகத் தெரிந்தது. உடற்பயிற்சியைவிடவும் அதற்கு எடை அதிகம். தன் மகன் வயதுள்ள சூப்பர்வைசரைச் ‘சார்’ என்று கூப்பிட வேண்டியிருக்கும் மேஸ்திரிக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தச் சூப்பர்வைசர் பலர் முன்னால் பெயர் சொல்லி அதட்டினால் அன்றைய தூக்கம் போயிற்று. ‘அண்ணா, இந்த மிஷின் ஏன் இப்படி இழை அறுக்கிறது என்று பாருங்கள்’ என்று கேட்டால் ஒரு வாரத்துக்குத் தெம்பு.

குறை சொல்லாமல் மாற்று யோசனையோடு பேசுங்கள். ‘சார், முழு நைட் வாரம் முடிந்ததும் நேராகப் பகல் ஷிப்ட் போடுவதால் தூக்கம் கெட்டு வேலையில் தப்பு வருகிறது. பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் மாற்றி, நடுவில் ஒரு நாள் விடுப்பு வைத்தால் எனக்கும் நல்லது, உற்பத்திக்கும் நல்லது.’ முன்னோக்கிச் சுழலும் இந்த வரிசை உடலுக்கு எளிது. தனியாகக் கேட்கத் தயக்கம் இருந்தால், அதே வயதில் நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையையும் கேட்டுப் பெறுங்கள்; பகலில் இருக்கும், மரியாதையும் உண்டு.

ஜவுளிக் கடை, நகைக் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் செய்திருக்கிறது. நாற்காலி இருந்தும் உட்காரவிடாத கடைகள் உண்டு. அங்கும் மேலே சொன்னதுபோல் சேர்ந்து கேட்பதே வழி.

படி 8: எப்போது மருத்துவர்

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, பசியின்மை, அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக் கவலையில் உழல்வது, ‘நான் பாரம்’ என்ற எண்ணம் இருந்தால், மேலே உள்ள எட்டு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றே பேசுங்கள். வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும், பூச்சிமருந்து, மாத்திரைகள் கைக்கு எட்டாமல் போகட்டும்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ‘பத்து நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். குணம் தெரிந்ததும் தானாக நிறுத்துவதும் தவறு. வேறு மாத்திரைகள் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்ற பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 9: பணக் கணக்கைத் தாளில் போடுங்கள்

அதிகாலை மூன்று மணிக் கவலைகளில் பெரும்பங்கு பணம். தலைக்குள் சுற்றும்வரை அது எவ்வளவு பெரியது என்றே தெரியாது. உட்கார்ந்து மூன்று எண்களை எழுதுங்கள்.

முதலாவது, பி.எஃப். இருப்பு. பெயர், பிறந்த தேதி ஆதாரோடு பொருந்துகிறதா, வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 58-ல் அலைவதைவிட 53-ல் திருத்துவது எளிது. இரண்டாவது, ஓய்வூதியம். பத்து ஆண்டு பணி முடித்திருந்தால் 58-ல் மாத ஓய்வூதியம் உண்டு. ஐம்பதிலிருந்தே வாங்க முடியும், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், அந்தக் குறைப்பு கடைசிவரை தொடரும். அவசரப்படாதீர்கள். மூன்றாவது, பணிக்கொடை (கிராஜுவிட்டி): கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்கி, 26-ஆல் வகுங்கள். 18,000 ரூபாய்க் கணக்கில் 22 ஆண்டு என்றால் ஏறத்தாழ 2,28,460 ரூபாய். இதில் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். புதிய சட்டத் தொகுப்பில் அந்த வரையறை மாறியிருப்பதால் சங்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள் சிறியவையாகத்தான் இருக்கும். இருந்தாலும் சிறிய எண் கையில் இருந்தால் மகளோடும் மகனோடும் உட்கார்ந்து பேச முடியும்; எந்தக் கடனை ஓய்வுக்கு முன் முடிப்பது, ஓய்வுக்குப் பின் வேலை தேவைதானா, தேவை என்றால் 12 மணி நேரக் காவல் வேலையா அல்லது பகலில் அரைநாள் வேலையா என்று முடிவெடுக்க முடியும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெறுகிறவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். ஓய்வு பெறும் மாதத்திலேயே நிர்வாகத்திடம் சான்று வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.